கல்லு மாதிரி ஒரு பிரேக்

“மாமா, அம்புட்டுப் பெரிய காரு, கால வச்சு அமுக்குனதும் எப்படி நிக்குது?” என்று என் தங்கை மகள் செல்லத்தாய் ஒருமுறை கேட்டாள். நிறுத்த நினைக்கிறவன் அமுக்கினால் நிற்கும் என்றேன். அப்போது அவளுக்கு ஏழு வயது.

எட்டு ஆகவில்லை. திருமங்கலம் ரோட்டில் கல்குவாரி முதலாளி கருத்தக்கண்ணனின் கார் அவள் மேல் ஏறியது. ஓட்டியவர் அவரேதான். பிரேக் பிடிக்கவில்லை என்று கோர்ட்டில் சொல்லி வெளியே வந்தார்.

ஐயா, கேட்கிறீர்கள், சொல்கிறேன். அடுத்த வருஷம், எண்பத்தொன்றில், அதே கார் வில்லாபுரத்தில் என் பட்டறைக்கு வந்தது. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. மிதித்தால் மெத்தை மாதிரி அமுங்குகிறது என்றார். கீழே படுத்துப் பார்த்தேன். பிரேக் நட்டுகளில் பழைய அழுக்கு அப்படியே இறுகிக் கிடந்தது. யாரும் கழற்றியதே இல்லை. அன்றைக்குக் கெட்டிருந்தால் கழற்றாமல் விட்டிருப்பார்களா?

பிரேக் எண்ணெய்க் குழாயில் கொஞ்சம் காற்று சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதை வெளியேற்றினால் போதும். நான், பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையே மாற்றி, வேனுக்குப் போடும் அகலமான ஒன்றை மாட்டினேன். அகலம் கூடினால் பெடல் விறைப்பாகிவிடும். ஆனால் சக்கரத்தைப் பிடிக்கிற பலம் பாதியாகிவிடும். நம் ஊரில் பெடல் விறைப்பாக இருந்தால் நல்ல பிரேக் என்பார்கள்.

அவரும் நின்ற காரிலேயே ஏறி மிதித்துப் பார்த்தார். “கல்லு மாதிரி இருக்கு. இதான்யா பிரேக்கு.”

“ரோட்டுல ஒரு நடை ஓட்டிப் பாத்துருங்க மொதலாளி.” யாருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்பது என் வழக்கம். முருகன் அறிவான்.

“மிதிச்சாலே தெரியுதுல்ல.”

டிரைவர் காளை சிரித்தான். “அண்ணே, இத மிதிக்க நான் இன்னும் ரெண்டு இட்லி கூடத் திங்கணும்.” அவனுக்கு மோர் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினேன். அன்பில் நான் குறை வைத்ததில்லை.

மேலூர் ரோட்டில் நின்றிருந்த கல் லாரியில் கார் மோதியது. பின்சீட்டில் இருந்த முதலாளிக்குக் கை முறிந்தது. காளை அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டான். பிரேக் பிடிக்கவில்லை என்று இந்த முறை அவர் சொன்னது உண்மை. அவர் வாயில் உண்மையை வரவைத்தவன் நான். எனக்கு வருத்தமில்லை.

காளைதான் ஓட்டுவான் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். செல்லத்தாய்க்குப் பிறகு அவர் ஸ்டீரிங்கைத் தொட்டதே இல்லை.

காளைக்குப் பட்ட கடனையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. நேற்று மத்தியானம் அவன் மகளின் சைக்கிள் பள்ளிக்கூடச் சுவரோரம் நின்றது. புதுப் பிரேக் கட்டை மாட்டினேன். யாரும் பார்க்கவில்லை. ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். நன்றாகப் பிடிக்கிறது.