நாலாவது கடிகாரம்

நாடித் துடிப்பைக் காட்டும் மலிவான கைக்கடிகாரம் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் திரையைத்தான் பார்க்கிறார்கள். அது தவறு. பட்டையைப் பார்க்கவேண்டும். பட்டை தளர்ந்தால் துடிப்பு தப்பிவிடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோல் சிவக்காத அளவுக்கு இறுக்கிக் கட்டவேண்டும். உங்கள் கையில் இருப்பதையும் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டுங்கள், இன்ஸ்பெக்டர். இப்போது சரி.

என் பெயர் கூ தேசிக். வயது அறுபத்தேழு. முப்பத்திரண்டு வருடம் நகராட்சியில் தராசுகளும் எடைக்கற்களும் சரிபார்க்கும் வேலை பார்த்தேன். தேகு நகரச் சந்தையில் என் தொப்பியைக் கண்டாலே மீன்காரிகள் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். ஒரு கிராம் பிசகிய தராசுக்குக்கூட நான் முத்திரை குத்தியதில்லை. அதனால்தான் தலைவர் ஓ ப்யோங்சு தனக்கு ஒரு கடிகாரம் தேர்ந்தெடுத்துத் தரும்படி என்னைக் கேட்டார்.

அவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமை மலையேற்றச் சங்கத்தின் தலைவர். எழுபத்திரண்டு வயது. நான் துணைத்தலைவர். மொத்தம் பன்னிரண்டு பேர். போன வருடம் அவருக்கு மாரடைப்பு வந்து, இரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்கிற கம்பிவலை வைத்தார்கள். மலையேறலாம், ஆனால் துடிப்பு நூற்றிருபதைத் தாண்டினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும், நூறுக்குக் கீழே இறங்கினால்தான் எழுந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மகன் விலையுயர்ந்த கடிகாரம் ஒன்று வாங்கி அனுப்பினான். நூற்றிருபதைத் தொட்டதும் அது கீச்சென்று கத்தும்.

அது கத்தினால் அவர் உட்காருவார். அவர் உட்கார்ந்தால் நாங்கள் பதினொரு பேரும் உட்காருவோம். தலைவரை முந்திக்கொண்டு யாரும் நடக்கக்கூடாது. இது எங்கும் எழுதி வைத்த விதியல்ல, எழுதி வைக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஒருநாள் எங்கள் சங்கத்தின் வாயாடி யுன் மால்சுக் கேட்டே விட்டாள்.

"தலைவரே, உங்க கடிகாரம் போடுற சத்தத்துல மலையில இருந்த மானெல்லாம் ஊரை விட்டே ஓடிப்போச்சு. நாங்க இப்படியே உக்காந்து உக்காந்து வேர் விட்டுருவோம் போலிருக்கு."

"கால் துருதுருங்குதா மால்சுக்? நீ வேணா முன்னால போயேன். யாரு புடிச்சா?"

அவள் உடனே கீழே உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்க ஆரம்பித்துவிட்டாள். மூத்தவர் முன்னால் போ என்று சொன்னால், போகக்கூடாது என்று அர்த்தம். அது உங்களுக்கும் தெரியும்.

பதினொரு மாதங்கள் இப்படிப் போயின. நாங்கள் ஏறும் நாரை முகட்டின் உச்சியில் நிற்கும் பெயர்க்கல்லை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பாதி மலையில் இருக்கும் மண்டபத்தில் உட்கார்ந்து சோற்றுச் சுருள் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுவோம். வரும் டிசம்பரில் எனக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு நான் எந்த உச்சிக்கும் போகப்போவதில்லை. அதை யாரிடமும் சொல்லிக் குறைபட்டுக்கொள்ளவில்லை. தலைவரைச் சங்கத்திலிருந்து விலகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அப்படிக் கேட்பது எவ்வளவு பெரிய அவமரியாதை. அவர் மனம் உடைந்து போயிருக்கும்.

செப்டம்பரில் அவருடைய கடிகாரம் வெந்நீர்க் குளத்தில் நனைந்து செத்துப்போனது.

"மகன்கிட்ட சொன்னா திட்டுவான். நாப்பதாயிரம் வோனுக்குள்ள ஒண்ணு பாரு தேசிக்கு. மணி காட்டுற சாமானுக்கு நாலு லட்சம் கொடுக்க நான் என்ன கிறுக்கனா?"

"பாத்துடலாம்ணே. மலிவுலயும் நல்லது இருக்கு."

நான் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. ஐந்து கடிகாரங்கள் வாங்கினேன். மருமகனிடம் மார்பில் கட்டும் பட்டை ஒன்று இரவல் வாங்கினேன். அளவு தப்பாத சாதனம் அது. எங்கள் அடுக்குமாடியின் பதினைந்து மாடிகளையும் படியில் ஏறி, ஒவ்வொரு கடிகாரத்தையும் அந்தப் பட்டையோடு ஒப்பிட்டேன். என் முழங்காலுக்கு அது சாதாரண வேலையில்லை.

முதல் கடிகாரத்தின் பட்டை தோலை அரித்தது. இரண்டாவது முப்பத்தாறாயிரம்தான், ஆனால் ஓரிரண்டு துடிப்புக்கு மேல் பிசகவே இல்லை. அருமையான பொருள். அதை நான் வைத்துக்கொண்டேன். மூன்றாவது, காலடிகளை எண்ணி அதையே இதயத் துடிப்பு என்று சாதித்தது. ஐந்தாவதை விளையாட்டாக ஒரு வெள்ளரிக்காயில் கட்டிப் பார்த்தேன். எழுபத்திரண்டு என்று காட்டியது. வெள்ளரிக்காய் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

நாலாவதுதான் சுவாரசியமானது. உட்கார்ந்திருக்கும்போது அச்சு அசலாகக் காட்டியது. படி ஏற ஏற அதற்குச் சோம்பல் வந்துவிடும். மார்புப் பட்டை நூற்றைம்பது என்று சொல்லும்போது இது நூற்றுப் பதினைந்தில் நிற்கும். ஐந்து முறை ஏறிப் பார்த்தேன். ஐந்து முறையும் அப்படித்தான்.

நூற்றிருபதில் கத்தும்படி அமைத்து, நாலாவதைத் தலைவருக்குக் கொடுத்தேன். வெள்ளரிக்காய்க் கடிகாரத்தைக் கொடுத்திருந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார். அவர் இதை மருத்துவமனைக்கே எடுத்துப்போய், கட்டிலில் படுத்தபடி அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே காட்டின. என் திறமையை எல்லாரிடமும் புகழ்ந்தார்.

நீங்கள் அந்த இணையக் கடையின் தளத்தில் நான் எழுதிய விமர்சனத்தை அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். ஆமாம், நான் எழுதியதுதான். படம் போட்டு எழுதினால் புள்ளிகள் தருகிறார்கள், எல்லாரும் எழுதுகிறார்கள். 'உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏற்றது. ஏற்றத்தில் முப்பத்தைந்து வரை குறைத்துக் காட்டும். இதய நோயாளிகள் இதைக் கட்டிக்கொண்டு மலையேற வேண்டாம். மூன்று நட்சத்திரம்.' தலைவரிடம் கடிகாரத்தைக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால் எழுதியது. ஐம்பத்தெட்டுப் பேர் பயனுள்ளது என்று குறித்திருக்கிறார்கள். இது எனக்கு எதிரான சாட்சி என்கிறீர்கள். முன்பின் தெரியாதவர்கள்மேல்கூட நான் எவ்வளவு அக்கறை வைத்திருக்கிறேன் என்பதற்கு இது சாட்சி என்று நான் நினைத்தேன்.

அக்டோபர் இரண்டாவது ஞாயிறு. மேப்பிள் இலைகள் சிவந்திருந்தன. கடிகாரம் வாயே திறக்கவில்லை. மண்டபத்தைத் தாண்டும்போது எல்லாரும் கைதட்டினார்கள். தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா தேசிக்கு? இதயம் குதிரை மாதிரி ஆயிடுச்சுடா."

"குதிரைக்கு இப்படி வேர்க்காது தலைவரே," என்றாள் மால்சுக். "முகமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கு. செத்த உக்காருங்க."

"நூத்திப் பன்னெண்டுதான் காட்டுது, வந்து பாரு. யாரு டாக்டரு, நீயா, கடிகாரமா?"

கடைசி வளைவில் அவராகவே நின்றார். மற்றவர்கள் மரியாதையாகப் பத்தடி பின்னால் நின்றுகொண்டார்கள். அவர் உதடு நீலமாக இருந்தது. கையை என்னிடம் நீட்டினார்.

"நெஞ்சு என்னமோ பண்ணுதுடா. நீ எடை பாத்தே வாழ்ந்தவன். விரல வச்சு எண்ணிச் சொல்லு. நீ சொன்னா நான் உக்காந்துடறேன்."

விரலை வைத்தேன். பதினைந்து நொடியில் முப்பத்தொன்பது. நாலால் பெருக்கினால் நூற்றைம்பத்தாறு. கணக்கில் நான் தவறுவதில்லை.

"நூத்திப் பத்துண்ணே," என்றேன். "கடிகாரம் சரியாத்தான் இருக்கு. இன்னும் பத்து நிமிஷம்தான்."

அந்த முப்பத்திரண்டு வருடத்திலும் அதற்குப் பிறகும் நான் சொன்ன ஒரே தவறான எண் அது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தின்மேல் பழி போடவேண்டாம். அதற்கு ஏற்றம் ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். அவர் என்னை நம்பித்தான் ஏறினார். ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

எட்டாவது நிமிடத்தில் விழுந்தார். மால்சுக் அவர் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். பலனில்லை. மீட்புப் படையின் ஹெலிகாப்டர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அதன் சத்தம் அடங்கியதும் மலை மிகவும் அமைதியாக இருந்தது.

உச்சிக்கு இன்னும் நாற்பது படிகள். மால்சுக் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மற்றவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் இல்லாதபோது துணைத்தலைவர்தான் முன்னால் நடக்கவேண்டும். அவர் இவ்வளவு தூரம் ஏறி வந்தது வீணாகப் போகக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. நிதானமாக ஏறினேன். பெயர்க்கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பத்துப் பேரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நல்ல வளர்ப்பு. ஒருவர்கூட என்னை முந்தப் பார்க்கவில்லை.