பத்தொன்பது தரம் செத்த சம்பந்தி

இல்லையண்ணை, இருங்கோ, எழும்பாதையுங்கோ. ஓம், ஓம், செத்தது நான்தான். அதை நான் எப்ப இல்லையெண்டனான்? அண்டைக்கு நீங்கள் ரீவியிலை பாத்த டொக்டர், லிப்டுக்குள்ளை சுட்டு விழுத்தினவங்களே, அது சாட்சாத் இந்தச் சச்சிதானந்தன்தான். ஆனா இந்தா, பிளேஸ்டோவிலை உங்கட வீட்டுச் செற்றியிலை இருந்து, உங்கட மனிசி சுசிலா அக்கா சுட்ட வடையை நாலாவதாத் தின்னுறன். செத்தவன் வடை தின்னுவானே?

கோவிக்காதையுங்கோ. ஐஞ்சு மாசமாப் பேசி, பொருத்தம் பாத்து, மண்டபமும் பிடிச்ச கலியாணம். ஆறு கிழமைக்கு முன்னம் போன் எடுத்து என்ன சொன்னனீங்கள்? ரீவியிலை பிணமாக் கிடக்கிற மனிசன் மணவறையிலை வந்து தாரை வாக்கிறதோ, அபசகுனம், நிப்பாட்டுவம் எண்டனீங்கள். என்ர மகள் மேனுஷா ரெண்டு நாள் ஒண்டும் சாப்பிடேல்லை. உங்கட மோன் லதீசன் சாப்பிட்டவராம், ஆனா அழுதழுது சாப்பிட்டவராம். அதுதான் என்ர தொழிலைப் பற்றி நேரை கதைப்பமெண்டு லண்டன்ர அந்தத் தொங்கல், மிச்சம் எண்ட எங்கட ஊரிலையிருந்து ட்ராம், ரெயின் எல்லாம் மாறி வந்தனான். கேளுங்கோவன், ஐஞ்சு நிமிசம்.

நான் நடிக்கவெண்டு போகேல்லையண்ணை. பெற்றோல் செட்டிலை ஷிப்ட் செய்துகொண்டு நிண்டனான். ஒரு மனிசி வந்து காசைக் குடுத்துப்போட்டுப் போகாமல் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறா. ஏதோ கொம்ப்ளெயின்ற் எண்டு நான் பயந்துபோனன். அவ சொல்லுறா, உங்கட முகத்திலை ஒரு ஆழமான துக்கம் இருக்கு, அமெரிக்க நாடகமொண்டிலை நடிக்கிறியளோ எண்டு. துக்கமில்லையம்மா, பன்ரெண்டு மணித்தியால ஷிப்ட் எண்டு சொல்ல வாயெடுத்தனான். நல்ல காலம், சொல்லேல்லை!

இப்ப பதினாறு வருசம். கரக்டர் அக்டர் எண்டு எங்களுக்குப் பேர். கதாநாயகனுமில்லை, வில்லனுமில்லை, நாலு வசனம் பேசிப்போட்டுப் போற ஆக்கள். நான் போடாத வேசமில்லை. மெக்சிக்கோ கஞ்சா முதலாளி, எகிப்து வாத்தியார், டெக்சாஸ் ஹோட்டல்காரன். பகிடி என்னெண்டால், அமெரிக்காவிலை நான் காலே வைக்கேல்லை. எல்லாம் லண்டனுக்கு வெளியாலை ஒரு பெரிய கொட்டிலுக்குள்ளை. அங்கை ஒரு மஞ்சள் டாக்சியைக் கொண்டந்து விட்டினமெண்டால் அது நியூயோர்க். ஆனா செத்ததெல்லாம் அமெரிக்காவிலைதான். பத்தொன்பது தரம்! சுட்டு, குத்தி, நஞ்சு வைச்சு, ஒருக்கால் முதலை. ஓமண்ணை, முதலை. றபர் முதலை, உள்ளுக்கை ரெண்டு பெடியள். முன்னுக்கு இருந்தவனுக்குத் தடிமன். தும்மித் தும்மி என்னைக் கடிச்சவன்.

ஆ, சிரிச்சிட்டியள்! இல்லை, சிரிச்சனீங்கள், மீசை ஆடினதை நான் கண்டனான்.

சாகிறது லேசான வேலையெண்டு நினைக்காதையுங்கோ. கண்ணைத் திறந்தபடி கிடக்கவேணும், இமை வெட்டப்படாது. வயிறு அசையப்படாது. கதாநாயகன் நெஞ்சிலை விழுந்து குளறுவான், அவன்ர தலைமயிர் மூக்குக்குள்ளை போகும், ஒண்டும் செய்யேலாது. இவ்வளவும் செய்தும் என்ர பேர் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா போன மாசம் நோர்பரி மீன்கடையிலை ஒரு வெள்ளைக்கார மனிசி என்னைக் கண்டுபோட்டு நெஞ்சிலை கை வைச்சிட்டா. ஐயோ, நீர் செத்துப்போனீரெல்லோ, நான் எவ்வளவு அழுதனான் எண்டு கேக்கிறா. எனக்குக் கண் கலங்கிப்போச்சுதண்ணை. அகதியா வந்து முப்பது வருசம், இந்த ஊரிலை ஆர் என்னை ஏறெடுத்துப் பாத்தது? நான் இல்லையெண்டு ஒருத்தி அழுதிருக்கிறாளே! அந்தச் சந்தோசத்திலை ஒரு முழுச் சுறாவை வாங்கிக்கொண்டு போய் வீட்டிலை பேச்சு வாங்கினனான்.

என்ன, துடக்கோ? அதை என்ர மனிசி தவமலரிட்டைக் கேளுங்கோ. ஒவ்வொரு சாவுக்கும் என்னைப் பின்வளவாலைதான் எடுக்கிறவ. செத்தவீட்டுக்குப் போட்டு வந்த மாதிரி முழுகிப்போட்டுத்தான் உள்ளுக்கு. ஜனவரி மாசம், கொட்டுற ஸ்னோவுக்குள்ளை, பூக்கண்டுக்குத் தண்ணி விடுற பைப்பாலை! முதலைக்கு ரெண்டு தரம் முழுக வைச்சவ. ஏனப்பா ரெண்டெண்டு கேட்டன். செத்ததுக்கு ஒண்டு, முதலைக்கு ஒண்டாம். உங்களிலும் பாக்க ஆசாரமான மனிசி. அவவே என்னை வீட்டுக்குள்ளை விடுறா, நீங்கள் மணவறையிலை விடமாட்டியளோ?

ஓம், விளங்குது, மன்றாட வந்திருக்கிறான் எண்டு நினைக்கிறியள். அதில்லையண்ணை. வேறையொரு சின்ன விசயம். பிள்ளையள்தான் அனுப்பினவை, அப்பா நீங்கள்தானே நடிகன், நீங்கள் போய்ச் சொல்லுங்கோ எண்டு. என்னத்தையெண்டால்... போன வியாழக்கிழமை பத்தரைக்குக் கவுன்சிலிலை ரெண்டு பேருக்கும் கலியாண எழுத்து, பதிவு முடிஞ்சுது. இருங்கோ, இருங்கோ, மூச்சை விடுங்கோ. தாலி கட்டேல்லை. அது உங்கட கையாலை எடுத்துக் குடுத்தால்தான் கட்டுவன் எண்டு உங்கட மோன் ஒரே பிடி. மண்டபத்தை நான் இன்னும் விடேல்லை. பத்தொன்பது தரம் செத்தும் என்ர நெஞ்சு இப்பிடி இடிக்கேல்லையண்ணை, சத்தியமா.

ஆரோ? கையெழுத்து வைச்சது ஆரெண்டோ கேக்கிறியள்? சாட்சிக்கு ரெண்டு பேர் வேணுமெண்டவை. ஒண்டு நான். மற்றது... சுசிலா அக்கா, கதவுக்குப் பின்னாலை நிண்டது காணும், வாங்கோ. நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?