நாத்தனார் கத்தாத வளைவு

இல்லண்ணே, அவரு வீட்டுல இல்ல. நீங்க உள்ள வாங்க. அந்த நாற்காலில துணி கெடக்கு, இருங்க எடுத்துடுறேன். தொவச்ச துணிதான், மடிக்கத்தான் மனசு வரல. உக்காருங்க. போன் பண்ணீங்களா? எடுத்திருக்க மாட்டாரு. வண்டியா? வண்டி... சர்வீஸுக்கு விட்டிருக்கு. ஆமா, கீழ எடம் காலியா இருக்கேன்னு பாத்திருப்பீங்க.

ஓ, எங்க கார்ல மாட்டியிருக்கற அந்த மெஷினப் பத்திக் கேக்கத்தான் வந்தீங்களா. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் தம்பட்டம் அடிச்சு வச்சிருக்காரா? அடிப்பாரு. அடிக்காம இருந்தாதான் அதிசயம். வேகமாப் போய்ப் போலீஸ்ல நீங்க எத்தன தடவ மாட்டுனீங்க? இன்னொரு தடவ மாட்டுனா லைசென்ஸ் போயிடுமா? லைசென்ஸ் போனா ஊர் ஊராப் போய் பம்பு விக்கிறது எப்படி, அதானே? இவரும் இதே பாட்டத்தான் பாடுனாரு. வேல போயிட்டா நீ சோறு போடுவியான்னு என்னையே கேட்டாரு.

வேலை செய்யுமான்னா... செய்யும்ணே. டீ வைக்கட்டா? வேணாமா. எனக்கும் வேணாம், கைய சும்மா வச்சிருக்க முடியல, அதுக்காகக் கேட்டேன்.

நல்லா கேட்டுக்கங்க, அது ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு உள்ள, கண்ணாடிக்குக் கீழ ஒட்டுறது. போலீஸ்காரங்க வேகம் அளக்க விடுற அலைய தூரத்துலயே மோப்பம் புடிச்சு, கீ கீன்னு கத்தும். கத்துனா நாம கால எடுத்துடணும். சும்மா சும்மா கத்துறதப் பாத்து அதுக்கு நான்தான் நாத்தனாருன்னு பேரு வச்சேன். வேகமாப் போனா கத்துவா, மெதுவாப் போனாலும் கத்துவா, நாம என்ன செஞ்சாலும் அவளுக்குக் குத்தம். சிரிக்காதீங்க, நெசமான நாத்தனார் காதுல விழுந்தா அவ்வளவுதான், எனக்கு இன்னொரு வழக்கு.

இன்னொன்னா? அத அப்புறம் சொல்றேன்.

இந்த நாத்தனாரால பெருசா பிரயோஜனம் இல்லண்ணே. இப்பல்லாம் துப்பாக்கி மாதிரி ஒண்ணக் கையில வச்சு ஒரே வண்டியக் குறி பாத்து அடிக்கிறாங்கல்ல, லேசர், அதுக்கு இவ கத்துறதெல்லாம் கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்தான். இவ வாயத் தொறக்குறதுக்குள்ள நம்ம வேகம் அவங்க கையில விழுந்துடும். அதுக்குத்தான் அந்த ரெண்டாவது. நம்பர் பிளேட்டுக்கு ரெண்டு பக்கமும் கட்டைவிரல் தண்டி கண்ணு ரெண்டு. லேசர் வந்து பட்டா இது எதிர் வெளிச்சம் அடிச்சுக் கொழப்பி விட்டுடும். அவங்க மெஷின்ல நம்பரே விழாது. கொஞ்ச நேரந்தான். அதுக்குள்ள நாத்தனாரு கத்தி நமக்குச் சொல்லிடுவா, நாம நல்ல பிள்ளையா வேகத்தக் கொறச்சுக்கணும். அவங்க மறுபடி அடிச்சுப் பாத்தா சரியான வேகம் காட்டும். அதான் சூட்சுமம். கண்ணு ரெண்டு, வாய் ஒண்ணு.

ஆமா, சட்டப்படி தப்புதான். தெரியாமலா மாட்டுனாரு. மண்ணு ஒட்டுனா அந்தக் கண்ணு வேலை செய்யாதுன்னு தெனம் காலைல பாப்பாவோட பழைய பனியன வச்சுத் தொடைப்பாரு. பெத்த பிள்ளைக்கு ஒரு நாள் மூஞ்சி தொடைச்சு விட்டிருக்க மாட்டாரு. கடைசியா தொடைச்சது... கடைசியா நான்தான் தொடைச்சேன்.

இல்ல இல்ல, ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி.

நான் ஓட்டுவேனான்னா கேக்குறீங்க? ஓட்டுவேன்ணே. நல்லாவே ஓட்டுவேன், அதாவது ஓட்டிக்கிட்டுதான் இருந்தேன். எங்க எவ்வளவு வேகத்துல போகணும்னு எனக்கே தெரியும். பள்ளிக்கூடம் வந்தா மெதுவா, வளைவு வந்தா மெதுவா. இத மாட்டுனதுல இருந்து என்ன ஆச்சு தெரியுமா? ரோட்டப் பாக்குறத விட்டுட்டேன். அவ கத்துனா கால எடுப்பேன், கத்தலைன்னா மிதிப்பேன். எனக்கே தெரியாம காலு அவ பேச்சக் கேக்கப் பழகிடுச்சு. சொந்த நாத்தனார் பேச்ச ஒரு நாள் கேட்டவ இல்ல நான்.

அந்தப் பெரிய மருந்துக்கடை இருக்குல்ல, நீங்க வர்ற வழிதான், ரோடு வளையுமே, அங்க. அந்தக் கடைல தானாத் தெறக்கற கண்ணாடிக் கதவு. அந்தக் கதவுலயும் ஏதோ அலை வருதாம். யாராவது மாத்திர வாங்க உள்ள போனா நம்ம வண்டில இவ கத்துவா. தெனம் கத்துவா. பாப்பா பின்னாடி தூங்கிக்கிட்டு வரும், தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சு அழும். அதுக்கு ஒரு பட்டன் இருக்குண்ணே. அந்த எடத்துல வச்சு அழுத்திப் புடிச்சா, இனிமே இங்க எதுக்கும் கத்தாதன்னு ஞாபகம் வச்சுக்கும். நான்தான் அழுத்துனேன். அவருகிட்ட கூட சொல்லல. ஒரு வாரம் கழிச்சு, என்ன இங்க நாத்தனாரு சத்தத்தையே காணோம்னு கேட்டாரு. வாய அடைச்சுட்டேன்னு சொல்லிச் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு.

அப்புறமென்ன, அந்த வளைவுன்னா நிம்மதி. அங்க மட்டும் அமைதியா இருக்கும். அமைதியா இருந்தா காலு என்ன செய்யும்? அதான் சொன்னேனே.

நீங்க கெளம்பாதீங்க. இன்னும் சொல்லி முடிக்கல. வேலை செய்யுமான்னுதானே கேட்டீங்க?

போன ஞாயித்துக்கிழம அந்த வளைவு தாண்டி ஒரு போலீஸ்காரர் நின்னுக்கிட்டிருந்தாரு. கையில அந்தத் துப்பாக்கி. நம்ம வண்டியப் பாத்து அடிச்சிருக்காரு. நம்பர் விழல. பளபளன்னு தொடைச்ச கண்ணாச்சே, எப்படி விழும்? மெஷின்ல கோளாறுன்னு நெனச்சாரு போல. குனிஞ்சு அத உள்ளங்கையால தட்டுனாரு. டிவி ரிமோட்டத் தட்டுவோம்ல, அந்த மாதிரி. திரும்பவும் தூக்கி அடிச்சாரு. மறுபடி தட்டுனாரு. தட்டிக்கிட்டே ரோட்டுக்குள்ள ஒரு எட்டு வச்சாரு. நிமிந்து வண்டியப் பாக்கவே இல்லண்ணே. மெஷினத்தான் பாத்தாரு. இங்க உள்ள நாத்தனாரு வாயத் தொறக்கல. தொறக்காதன்னு நான்தானே சொல்லி வச்சேன்.

அத்தன நாள்ல அன்னைக்கு மாதிரி அது ஒழுங்கா வேலை செஞ்சதே இல்ல.

அந்தப் போலீஸ்காரர் உயிரோடதான் இருக்காரு. இடுப்பெலும்பு நொறுங்கிப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவரு சம்சாரம் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. நான் யாருன்னு தெரியாது. உக்காருங்கக்கான்னு நகந்து எடம் குடுத்துச்சு. உக்காந்துட்டு வந்தேன்.

ஆமாண்ணே, அன்னைக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. கல்யாண வீட்டுல சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்துக்கிட்டிருந்தோம். பாப்பாவ மாமியார் வீட்டுல விட்டிருந்தோம். இவரு பக்கத்து சீட்டுல பாதித் தூக்கம்.

ஆங்? ஆமா. பக்கத்து சீட்டுலதான்.

வண்டி நின்னதும் எறங்கிச் சுத்தி வந்து கதவத் தொறந்தாரு. எறங்கு, அந்தப் பக்கம் போன்னாரு. பிள்ளைக்கு நீ வேணும், எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னாரு. ஓடிப்போய் அடிபட்டவரத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாரு. கூட இருந்த இன்னொரு போலீஸ்காரர் ரோட்டோரம் தள்ளி நின்னவரு, ஓடி வந்து யாரு ஓட்டுனதுன்னு கேட்டாரு. இவரு நான்னுட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல. ஒரு பட்டன அழுத்திப் புடிச்ச மாதிரி அன்னைல இருந்து அப்படியே இருக்கேன். ஆபீஸ்ல லீவு போட்டிருக்காருன்னுதானே உங்ககிட்ட சொன்னாங்க? ஸ்டேஷனுக்குத்தான் போயிருக்காரு. வண்டியும் அங்கதான் நிக்குது. இன்னைக்கு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்குறாங்களாம். போகும்போது கூட, நீ பாட்டுக்கு இருன்னு சொல்லிட்டுப் போனாரு.

நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்த வாசக்கதவுகிட்ட வரைக்கும் போயிட்டு வந்து உக்காந்தேன். எத்தன தடவன்னு கேக்காதீங்க.

அண்ணே, கீழ நிக்குறது உங்க புது வண்டிதானே? என்னைய ஸ்டேஷன்ல கொண்டு விட்டுடுறீங்களா? அவரு கையெழுத்துப் போடுறதுக்குள்ள போகணும். பாப்பா மாமியார்கிட்ட இருக்கு. இருங்க, இந்தத் துணி கெடக்கட்டும், செருப்ப மாட்டிக்கிறேன்.

வேகமா வேணாம்ணே. மெதுவாவே போங்க. மருந்துக்கடை வளைவு வழியாத்தான் போகணும். அங்க வரும்போது நான் சொல்றேன்.