சாம்பிள் சோளத்தைப் புடைத்தது பற்றி

என் பெயரும் விலாசமும் மேலே எழுதிக்கொள்ளப்பட்டன. வயது எழுபத்தொன்று; அறுபத்தெட்டு என்று மருமகன் சொன்னது தவறு. படிப்பு இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி. போன செவ்வாய்க்கிழமை துறைமுகப் பரிசோதனை அறையில் இருந்தவர்கள்: நான், என் மகள், அவள் கணவர், சாம்பிள் எடுக்கும் அதிகாரி, டீ கொண்டுவந்த ஆள். அதிகாரி பட்டப்பகலிலும் டார்ச் அடித்துப் பார்ப்பவர் என்பதால் அங்கே அவருக்கு டார்ச் என்றே பெயர். அவர் காதுபட யாரும் சொல்வதில்லை.

மருமகன் வெளிநாட்டிலிருந்து ஒரு கன்டெய்னர் காய்ந்த சோளம் வரவழைத்திருந்தார். அதுதான் அவருடைய முதல் இறக்குமதி. என்னை முட்டிவலிக்கு ஆஸ்பத்திரி கூட்டிப்போகும் வழியில், பத்து நிமிஷ வேலை என்று சொல்லித் துறைமுகத்தில் வண்டியை நிறுத்தினார். மண், களை விதை, உயிருள்ள பூச்சி எது இருந்தாலும் சரக்கு உள்ளே வராது, மோசமான பூச்சியாக இருந்தால் கப்பலிலேயே திருப்பி அனுப்புவார்கள், திரும்பினால் உரிமமும் போய்விடும், கடையை மூட வேண்டியதுதான் என்று வழியெல்லாம் புலம்பினார். மருந்துப் புகை போட்டதற்கு அந்த நாட்டுச் சான்றிதழ் இருக்கிறது என்று காட்டினார். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. வண்டுக்கும் தெரியாது.

அதன் பிறகு டார்ச் அதிகாரி மூட்டைகளில் குத்தூசி விட்டு எடுத்த சோளத்தை ஒரு துணிப்பையில் போட்டு, கயிறு கட்டி மேஜைமேல் வைத்தார். அரக்கு முத்திரை வேறு அறையில் இருந்ததால் அதை எடுக்கப் போனார். போகும்போது என்னிடம், "பாட்டி, இதை யாரும் தொடாம பாத்துக்குங்க" என்றார். மருமகன் கையெழுத்துப் போட அவர் பின்னாலேயே போனார். மகள் போன் பேச வெளியே போனாள். டீக்காரர் தட்டை வைத்துவிட்டுப் போனார்.

வேறு யாரும் அந்தப் பையைத் தொடவில்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

அதன் பிறகு நான் பையைத் திறந்தேன். வேண்டுமென்றே செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். கல்லும் வண்டுமாக இருக்கும் தானியத்தை ஒரு பெரிய மனிதர் மேஜையில் அப்படியே விட்டுவிட்டு வருவது எங்கள் வீட்டில் மரியாதை இல்லை. டீ டம்ளர்களை இறக்கி வைத்துவிட்டு, தட்டைத் துடைத்து, சோளத்தை அதில் கொட்டிப் புடைத்தேன். தட்டு முறம்போல் வராது, இருந்தாலும் சமாளித்தேன். அடுத்தவர் அலுவலகத்தில் குப்பை போடக் கூடாது என்பதால், பொறுக்கியதையெல்லாம் என்னுடைய காலி மாத்திரை டப்பாவில் போட்டு மூடினேன். கயிற்றைப் பழையபடி கட்டினேன். அதிகாரியின் முடிச்சு தொளதொளவென்று இருந்தது, என்னுடையது இருக்காது. அவர் வந்து முத்திரை வைத்தார்.

சோதனைச் சாலையிலிருந்து சோளம் சுத்தம் என்று பதில் வந்தது. ஆனால் நேற்று சரக்கை இறக்கும்போது மூட்டைகளில் வண்டு ஊர்ந்திருக்கிறது. இன்று எங்கள் மூவரையும் கூப்பிட்டு, "ஒரு தூசிகூட இல்லாத சாம்பிளை என் சர்வீஸ்லயே பாத்ததில்ல" என்று டார்ச் அதிகாரி சொன்னார். அதைப் பாராட்டு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு பையைத் திறந்தது யார் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மருமகன், "அத்தைக்கு ஞாபக மறதி சார். என்ன செய்றோம்னு அவங்களுக்கே தெரியாது" என்றார். அதிகாரியும் இறங்கி வந்து, "ஞாபகமில்லைன்னு சொல்லிடுங்க பாட்டி. உங்க மேல ஒண்ணும் வராது, நான் வேற சாம்பிள் எடுத்துக்கறேன்" என்றார்.

நான் சொன்னேன்: "மாப்பிள்ளை, கல்யாணத்தன்னிக்கு நீங்க கட்டியிருந்த வாட்ச் இரவல். யாரோடதுன்னு சொல்லட்டுமா?"

மருமகன் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அதன் பிறகு கைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தேன். கல், உமி, பாதி தின்ற மணிகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு வண்டு நடந்து வெளியே வந்தது. அதிகாரி டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். அவ்வளவு நேரமும் மருமகன் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலி ஆடியது. கடைசியில் அதிகாரி, இது சாதாரண மூக்கு வண்டுதான், திருப்பி அனுப்பும் ரகம் இல்லை, இங்கேயே இன்னொரு தடவை புகை போட்டால் விட்டுவிடலாம் என்றார். சாம்பிளில் கை வைத்ததற்கு எனக்கு எச்சரிக்கை என்றார். வாங்கிக்கொண்டேன்.

இதையெல்லாம் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்கள். இரண்டாவது முறை டீக்காரரை விட்டுவிட்டார்கள், சேர்க்கச் சொன்னேன். நான் சொன்னது முழுவதும் நடந்தது, நடந்தது முழுவதும் சொல்லியிருக்கிறேன். கைநாட்டு வைக்க மை டப்பாவை நீட்டினார்கள், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு முன்னால் இன்னும் ஒன்று எழுதிக்கொள்ளவும். மருமகன் எனக்கு மறதி என்று சொன்னது கடைக்குப் பயந்து; அவர் ஊரான் பெற்ற பிள்ளை, அவரை விட்டுவிட்டேன். அவர் அப்படிச் சொன்னபோது பக்கத்தில் நின்று என் முதுகைத் தடவிக்கொடுத்து, "ஆமா சார், பாவம்" என்று தலையாட்டிய ஒருத்தியை மன்னிப்பதாக இல்லை. அவள் என் மகள்.