சேனைக் கிண்ணத்தை மறித்த செவிலியருக்கு

“சேனை வைக்காம பிள்ளைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்? ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணி—”

“அந்த ஒரு சொட்டும் வேண்டாங்க. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான்—”

“எம்புள்ளைக்கு நான்தான் வச்சேன். துபாய்ல கிரேன் ஓட்டுறான். கெட்டா போயிட்டான்?”

“நல்லா ஓட்டட்டும்ங்க. கிண்ணத்தை இப்படிக் குடுங்க.”

கனிவைக் கைவிளக்காகவும் கண்டிப்பைக் கவசமாகவும் கொண்டு, முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் பிரசவ வார்டைக் காத்து, இன்று பணிநிறைவு காணும் செவிலியர் மரியபுஷ்பம் அம்மையீர்! 2004-ல் கேட்ட அந்தச் சண்டைச் சத்தத்திலிருந்துதான் இந்த மடலைத் தொடங்க முடிகிறது. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள் என்பதால், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் ‘சிஸ்டர்’ என்றே சொல்கிறோம்.

பிறந்த பிள்ளையின் நாவில் வீட்டுப் பெரியவர் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. அன்று கிண்ணமும் கையுமாக நின்ற மாமியாரை அகிலாண்டம் என்போம். கட்டிலில் கிடந்த மருமகளை நீலாம்பாள் என்போம். பெயர்கள் நாங்கள் இட்டவை.

நீலாம்பாளுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது கர்ப்பகாலச் சோதனையில் தெரிந்திருந்தது. மாமியாருக்குத் தெரியாது. வலி கண்டதும் தாய்க்கு மாத்திரை கொடுத்தாயிற்று; மாமியார் வெந்நீர் வாங்கப் போன இடைவெளியில் பிள்ளைக்குச் சொட்டு மருந்தும் புகட்டியாயிற்று. இனித் தாய்ப்பாலோடு வேறெது கலந்தாலும் பிஞ்சுக் குடல் புண்ணாகும், தொற்று உள்ளே நுழைய வழி கிடைக்கும். காரணத்தைச் சொன்னால் நீலாம்பாளின் வாழ்வு கெடும். சொல்லாமல் அவள் பிள்ளைக்கு மட்டும் தடுத்தால் சந்தேகம் பிறக்கும்.

சிஸ்டர் என்ன செய்தார்? வார்டின் பதினொரு கட்டிலுக்கும் சேர்த்துச் சேனையை நிறுத்தினார். பதினொரு குடும்பங்களின் ஏச்சையும் தாமே ஏற்றார். பிறகு அந்த ஒரு வீட்டைப் பார்ப்பதற்காகச் சுற்றுவட்டத்தில் கைக்குழந்தை இருந்த ஒன்பது வீட்டுப் படியையும் மாதந்தோறும் ஏறினார். ஒரு வாசலில் மட்டும் நின்றால் ஊர் விரல் நீட்டும் அல்லவா?

“கிண்ணத்தைத் தேடி வந்தீங்களா சிஸ்டர்? பரண்ல கிடக்கு. ஏறிப் பாக்குறீங்களா?” என்பார் அகிலாண்டம்.

“ஏணி இருந்தா போடுங்க,” என்பார் சிஸ்டர்.

பதினெட்டாம் மாதம் பிள்ளையின் சோதனை முடிவு வந்தது. தொற்று இல்லை. தாளை மடித்து மடித்துச் சிறு வில்லையாக்கிய நீலாம்பாள் சொன்னாள்:

“சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. இனி வெளியில எங்க பாத்தாலும் எங்களைத் தெரிஞ்சதா காட்டிக்காதீங்க. எப்படிப் பழக்கம்னு கேப்பாங்க.”

“சரிம்மா.”

அந்த ஒரு சொல்லை இத்தனை ஆண்டும் காத்தார். ஆனால் மனம் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமைகளில் ஒரு நிறுத்தம் முன்பே பேருந்திலிருந்து இறங்கி, பள்ளி விடும் நேரத்துக்கு எதிர்ப்புற ரிப்பன் கடையில் நின்று, வேண்டாத ரிப்பனுக்கு விலை கேட்பார். நான்கு தெருப் பிள்ளைகளுக்கு நடுவே அந்த ஒரு பிள்ளையின் நடை எது என்று அவருக்குத் தெரியும். குரல் மட்டும் தெரியாது. பிள்ளை பேசத் தொடங்கியபின் அது கேட்கும் தூரத்துக்கு அவர் போனதே இல்லை.

அம்மையீர், கடைமடைக்கு வரும் தண்ணீர்போல் காலந்தாழ்த்தி வராமல், நல்லுடலும் நல்லுறக்கமும் உங்களை உடனே வந்தடையட்டும். நெடுங்காலம் நீங்காதிருக்கட்டும் என வாழ்த்திக் கையொப்பமிடுகிறோம்.

இங்ஙனம்,
பிரசவ வார்டுச் செவிலியரும் பணியாளரும்
மே 2013

கையொப்பம் இட்டபின் ஒன்று சேர்க்கிறோம். சென்ற செவ்வாய் நீடாமங்கலம் ரயிலடியில் சிஸ்டரோடு எங்கள் வார்டு ஃபிளோராவும் நின்றிருந்தார். அருகிலிருந்த பெஞ்சுக்கு நீலாம்பாளும் ஒன்பது வயது மகளும் வந்து உட்கார்ந்தார்கள். சிஸ்டர் சட்டென்று நேர அட்டவணைப் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார், அரைநொடியில் மறுபடி பார்த்தார், மறுபடி திரும்பிக்கொண்டார். நீலாம்பாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைதான் தாயின் கையை அசைத்துக் கேட்டது:

“ஏம்மா, அவங்க நம்மளையே பாத்துட்டுப் பாத்துட்டுத் திரும்பிக்கிறாங்க, நமக்குத் தெரிஞ்சவங்களா?”