அசல் ஏழாம் எண்

நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன் என்பது உண்மைதான், மாஜிஸ்திரேட் அம்மா. இவோன் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். என் பெண்டாட்டி பொய் சொல்ல மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொழுத்த சேவல் சூப்பில், மாவுக்குள் கறி வைத்து மடித்த தொர்தெல்லீனி. இந்த மோடெனாப் பக்கத்தில் ஞாயிறன்று அதைச் சாப்பிடாமல் விடுகிறவன் ஒன்று நோயாளி, இல்லை வெளியூர்க்காரன்.

நீங்கள் கேட்பது அது இல்லை, தெரியும். நெரீனோ பெர்கொன்சீனி எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். வக்கீல் வேண்டாம். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். காகிதம் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் எல்லார் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. உங்கள் மேலும்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கும் நெரீனோவுக்கும் இருபத்தெட்டு வயதாக இருந்தபோது பலுகானி கார்ப் பட்டறையில் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். இப்போது அந்த இடத்தில் தரை ஓடு விற்கிறார்கள். பட்டறை மூன்று நாலு வருஷம் ஓடியது. மொத்தம் பதினொரு கார் வெளியே போனது. அப்புறம் பூட்டிவிட்டார்கள். நான் டிங்கர். அலுமினியத் தகட்டை மணல் மூட்டை மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி வளைப்பேன். வரைபடமெல்லாம் கிடையாது. நெரீனோ எஞ்சின் சோதிக்கிறவன். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை மேடையில் பூட்டி ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். "மூணாவது சோம்பேறி" என்பான். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில்தான் கோளாறு இருக்கும். மீட்டர் வைத்திருந்த படித்தவர்கள் அவனிடம் கேட்டுவிட்டுப் போய் மீட்டரைத் திருத்துவார்கள்.

இந்த மாதிரி வண்டிக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுவிட்சர்லாந்திலிருந்து வருகிறார்கள், ஜப்பானிலிருந்து வருகிறார்கள். வந்தவன் வண்டியின் முகத்தைப் பார்ப்பதில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே படுத்து, இரும்பில் அடித்த எண்ணைப் படிக்கிறான். எண் சரியாக இருந்தால் எழுந்து கை குலுக்குவான். தப்பாக இருந்தால் கால்சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். எவ்வளவு அழகான வண்டியானாலும் அவ்வளவுதான்.

என் ஷெட்டில் இருப்பது ஏழாம் எண். மழை நின்றதும் ஓட்டுக்கூரை ஒரு சாம்பல் நிறத்தில் இருக்குமே, அந்த நிறம். பின்பக்க வளைவில் கையை வைத்தால் எடுக்க மனசு வராது. இவோனுக்கு அதன் மேல் பொறாமை உண்டு. இருக்கட்டும், நியாயம்தான்.

பலுகானி ஏழாம் எண் அறுபத்தொன்றில் ஃபூத்தா மலைப்பாதையில் எரிந்துபோனது. ஓட்டியவன் குதித்துத் தப்பினான். மிஞ்சியதை ஒரு கூடையில் அள்ளிவிடலாம். இதை நானே சொல்கிறேன், நீங்கள் துருவ வேண்டியதில்லை. ஷெட்டில் இருப்பதை நான் கட்டினேன். பட்டறை பூட்டினபோது மிஞ்சிய சேசிஸ் ஒன்று என்னிடம் வந்தது. ஒன்பதாம் எண்ணை வாங்கிய பல் டாக்டர் ஒருவர், பழுது பார்த்து அலுத்துப்போய், எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு அமெரிக்க எஞ்சின் மாட்டினார். அந்த மனிதரிடம் வாயைக் காட்ட எத்தனை பேருக்குத் துணிச்சல் இருந்ததோ. எறிந்ததை நான் எடுத்துக்கொண்டேன். மேல் தகடு முழுக்க என் கை. எஞ்சினில் இருந்த ஒன்பதை அரத்தால் ராவி எடுத்துவிட்டு ஏழு அடித்தேன். பட்டறையின் எண் அச்சுகள் என் பையில்தான் இருந்தன. அதே அச்சு, அதே சுத்தியல், அதே கை. எது போலி, நீங்களே சொல்லுங்கள்.

முப்பத்தைந்து வருஷம் யாரும் கேட்கவில்லை. இந்த வசந்தத்தில்தான் வக்கீல் மன்ஃப்ரெதீனி வந்தார். பலுகானியின் ஐம்பதாவது வருஷமாம். மிஞ்சிய வண்டிகளையெல்லாம் சதுக்கத்தில் நிறுத்தப் போகிறாராம், எண் வாரியாக ஒரு புத்தகம் அச்சாகப் போகிறதாம். ஐந்தாம் எண்ணை வைத்திருக்கும் சுவிஸ்காரன் ஒருத்தன், ஏழு எரிந்துபோனதே என்று கடிதம் போட்டிருக்கிறான். பட்டறைக் காகிதமெல்லாம் பனாரோ ஆற்று வெள்ளத்தில் போய்விட்டது. அங்கே வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பது நானும் நெரீனோவும்தான். நெரீனோ ஒரு கையெழுத்துப் போட்டால் ஏழாம் எண் என்று அச்சாகும், இல்லையென்றால் 'பிற்காலத்து நகல்' என்று அச்சாகும் என்றார் மன்ஃப்ரெதீனி. மரியாதையாகத்தான் சொன்னார்.

நகல். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்கவில்லை.

சீட்டு மேசையில் நெரீனோவிடம் கேட்டேன். அவன் சீட்டைப் பார்த்தபடியே சிரித்தான்.

"எஞ்சின் சத்தத்தக் கேக்காம கையெழுத்துப் போட மாட்டேன்டா ஒரெஸ்தே. முப்பத்தஞ்சு வருஷமா ஒரு தடவயாவது அந்த ஷெட்டத் திறந்து காட்டினியா? கஞ்சப்பய. ஞாயித்துக்கிழமை வரேன், இவோன்கிட்ட சொல்லி வை. மொதல்ல கேக்கறேன், அப்புறம் சாப்பிடறேன், அப்புறம் பாக்கலாம்."

"உன் காது இன்னும் இருக்கா?" என்றேன்.

"பல்லுதான் போச்சு. அங்க ஓடின எஞ்சின் ஒவ்வொண்ணும் இன்னும் எனக்குப் பேர் சொல்லும்."

பேர் சொல்லும். ஒன்பது ஓடினால் ஒன்பது என்று சொல்லும். அந்த ஆட்டத்தில் அவன்தான் ஜெயித்தான், நான் கவனமில்லாமல் ஆடினேன்.

அந்த வாரம் ஷெட்டைச் சரிசெய்தேன். ஜன்னல் கண்ணாடி லொடலொடவென்று ஆடும். சுற்றிலும் மக்கு வைத்து அடைத்தேன். புகையைச் சுவர் வழியாக வெளியே விட ஒரு குழாய் உண்டு. அதை மாட்டினால் சத்தத்தில் பாதி அதோடு வெளியே போய்விடும், அதனால் கழற்றி வைத்தேன். நல்ல காது வருகிறதென்றால் இடத்தைத் தயார் செய்வது மரியாதை. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஞாயிறன்று நெரீனோ கழுத்துப்பட்டி கட்டி, லம்ப்ரூஸ்கோ ஒயின் பாட்டில் ஒன்றோடு வந்தான். கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தான். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினான். சக்கரத்துக்கு மேல் வளைவைத் தடவிப் பார்த்து, "கைக்காரன்டா நீ" என்றான். அது எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியைத்தான் பார்க்க வந்தான், கையை எதற்குப் பார்க்கிறான்?

இரண்டாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. பன்னிரண்டும் ஒழுங்காக வந்தன. முக்காலியை பானெட் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினான். கொஞ்ச நேரத்தில் அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பட்டறையில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் அப்படித்தான் சிரிப்பான்.

"கதவச் சாத்துடா," என்றான் கண்ணைத் திறக்காமல். "பக்கத்து வயல்ல டிராக்டர் உயிர வாங்குது. நீ போ, நான் வரேன்."

சாத்தச் சொன்னது அவன். இந்த ஊரில் எஞ்சின் பைத்தியம் பிடித்த எவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். சத்தம் வேண்டும், புகையைப் பற்றி நினைக்க மாட்டான். நான் இரண்டு கதவையும் சாத்தினேன். காற்றில் திறந்துகொள்ளும் கதவு, அதனால் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். கீழே ஓர் இடுக்கு உண்டு. நெரீனோவுக்கு முட்டிவாதம், குளிர்காற்று ஆகாது. பழைய போர்வை ஒன்றைச் சுருட்டி இடுக்கில் வைத்தேன்.

இவோன் கிண்ணங்களை வைத்துவிட்டு, "அந்த மனுஷன் சாப்பிட வரலையா?" என்று கேட்டாள்.

"கேட்டுக்கிட்டிருக்கான்."

"சூப்பு ஆறுது."

"அவனுக்குக் காதுலதான் பசி," என்றேன். சிரித்தாள். சமையலறையிலிருந்து கேட்டால் எஞ்சின் சத்தம் மெல்லியதாக, நன்றாக இருந்தது. என் கிண்ணத்தை முடித்தேன். தொர்தெல்லீனியை ஆறவிட்டால் மாவு ஊறிப் பாழாகிவிடும். நெரீனோவின் கிண்ணத்தையும் சாப்பிட்டேன். அதுதான் இரண்டாவது.

முக்கால் மணி நேரத்தில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் அளவாகத்தான் ஊற்றியிருந்தேன். போய்க் கதவைத் திறந்து, புகை போகிறவரை வெளியே நின்று, அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டேன். நெரீனோ கன்னமெல்லாம் சிவந்து, இருபது வயது குறைந்தவன் மாதிரி இருந்தான். பிடித்ததைக் கேட்டுக்கொண்டே போனான். எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? கொன்றாயா என்று கேட்டால், ஆமாம், நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இது என்ன காகிதம்? கோட்டின் உள்பையில் இருந்ததா? எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது, நீங்களே படியுங்கள்.

இன்னொரு தடவை படியுங்கள், அம்மா. மெதுவாக.

'ஒரெஸ்தே வந்தெல்லியின் ஷெட்டில் உள்ள கார் பலுகானி ஏழாம் எண், அதன் எஞ்சினைப் பட்டறையில் சோதித்தவன் நானே.' கீழே நெரீனோவின் கையெழுத்து, நகராட்சி முத்திரை. வெள்ளிக்கிழமைத் தேதி. அதாவது வருவதற்கு இரண்டு நாள் முன்பே போட்டுவிட்டான். ஷெட்டைத் திறக்கவைக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது அவனுக்கு, வேறொன்றும் இல்லை என்கிறீர்கள்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

சரி. நன்றாயிற்று. ஒரு வாரமாக இல்லாத நிம்மதி இப்போது வந்திருக்கிறது, அம்மா. எஞ்சின் விஷயத்தில் நெரீனோ ஒருநாளும் தப்பாகச் சொன்னவன் இல்லை. அந்தக் காலத்து ஆட்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவன் ஏழு என்று எழுதினால் அது ஏழு. மன்ஃப்ரெதீனிக்குச் சொல்லி அனுப்புங்கள், அப்படியே அச்சடிக்கட்டும். காகிதத்தை மடிக்காமல் வையுங்கள், இன்னொன்று எழுதித் தர இப்போது ஆள் இல்லை.

நான் சொன்னதில் ஓர் இடத்தை மட்டும் அடித்துவிட வேண்டும். வண்டியை நான் கட்டினேன், ஒன்பதை ராவி ஏழு அடித்தேன் என்று சொன்னேனே, அதை. எழுபத்தெட்டு வயது, ஏதோ உளறிவிட்டேன். கதவு, போர்வை, பெட்ரோல் எல்லாம் சொன்னபடியே இருக்கட்டும்.