இரண்டாம் மாடிக் கதவு

"அப்போ அவன் முன்னால வந்து நிக்கும்போ நான் மேசைக்கடியில குத்தவச்சு ஜெபம் பண்ணணும், அப்படித்தானே சார்?"

"சிஸ்டர், சத்தம் போடாதீங்க. ரூல் ரூல்தான்."

"சத்தம் போடாம எப்படிக் கேக்க? நாலு தடவை மெதுவாக் கேட்டாச்சே."

நர்ஸ் ஷிஜியும் பாதுகாப்பு அதிகாரி சிவசங்கரனும் இப்படி மோதிக்கொண்டபோது நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தேன். சமோசா நன்றாக இருந்தது. சவுதியில், அல் கோபாரில் எங்கள் கிளினிக்கில் எந்தக் கூட்டம் நடந்தாலும் நான் முதலில் போய்விடுவேன். தின்பதற்காக என்று சொல்வார்கள். இல்லை. யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

என் பெயர் தங்கபுஷ்பம். இரண்டாம் மாடியில் நோயாளிகளின் ஃபைல் அறைக்குப் பொறுப்பாளராக ஒன்பது வருஷம் இருந்தேன். அந்தப் புதன்கிழமை நடந்ததைப் பற்றி இன்றைக்கும் கோபாரிலிருந்து தம்மாம் வரை பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் தப்புத் தப்பாகப் பேசுகிறார்கள். ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் வாயைத் திறப்பது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் நானே சொல்கிறேன்.

இரண்டாயிரத்து நாலில் ஊருக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்து சுட்ட பிறகு, கம்பெனிகளுக்கெல்லாம் பயம் வந்துவிட்டது. அடுத்த வருஷம் எங்கள் கிளினிக்கிலும் பயிற்சி ஆரம்பித்தார்கள். மணி மூன்று தடவை நீளமாக அடிக்கும். அடித்தால் ஓட வேண்டும். ஓட முடியாதவர்கள் அறைக்குள் போய்ப் பூட்டி, விளக்கை அணைத்து, மொபைலை வாயடைத்து வைக்க வேண்டும். பூட்டிய கதவை யார் தட்டினாலும், யார் அழுதாலும், சிவசங்கரனின் விசில் கேட்கும்வரை திறக்கக் கூடாது. கடைசியாக ஒன்று: தற்காப்புக்கு என்று எந்த ஊழியரும் எதையும் வைத்திருக்கக் கூடாது. கத்தி, தடி, ஸ்ப்ரே, ஒன்றும் கூடாது.

இந்தக் கடைசி விதிக்குத்தான் சண்டை.

"ஆளுக்கு ஒண்ணு கையில வச்சுக்கிட்டு நின்னா, வர்றவன் யாரு, நம்ம ஆளு யாருன்னு போலீசுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் சிவசங்கரன்.

பின்வரிசையிலிருந்து இராஜரத்தினம் எழுந்தார். மருந்து ஸ்டோர் அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, நாங்கள் உண்மையான ஷெல்லடிக்கே பங்கருக்குள்ள கிடந்த ஆக்கள். கதவடியில நிண்டு கத்தினது யாரெண்டு பாராமல் ஒருத்தரும் மூடி வைக்கேல்லை. உம்மட விசிலுக்குக் காத்திருக்கச் சொல்லுறீர்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரைட் மட்டும் சிரிக்கவில்லை. அவன் ஷிஜியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரைட் லேப் டெக்னீஷியன். மார்த்தாண்டம் பக்கம். குடிக்க மாட்டான், சர்ச்சுக்கு வரும் குடும்பம், ஒரே பிள்ளை. என் தங்கை அஜிஷாவுக்காக நான் ஒரு வருஷம் அலைந்து கண்டுபிடித்த பையன். அவன் அம்மாவிடம் எத்தனை போன், எங்கள் அம்மாவிடம் எத்தனை போன். ஊரில் பெண் பார்த்து முடித்து, நிச்சயத்துக்கு நாள் குறிப்பது மட்டும் பாக்கி. அப்போதுதான் அவன், கொஞ்சம் பொறுங்கள் என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பினான்.

காரணம் எனக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. ரத்த மாதிரிகளை எங்கள் மாடியிலிருந்த லேபுக்குக் கொண்டுபோக அட்டெண்டர் இருக்கிறார். ஷிஜி தானே கொண்டுபோவாள். போனால் ஐந்து நிமிஷ வேலைக்கு இருபது நிமிஷம். நான் என் மேசையிலிருந்தே மணி பார்த்திருக்கிறேன். ஷிஜி கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. நல்ல நர்ஸ். குழந்தைகளின் கையில்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். ஆனால் தன்னுடையது எது, அடுத்தவருடையது எது என்று தெரியாத பெண்.

அவளுக்கு இன்னொரு பக்கம் தொந்தரவும் இருந்தது. நர்ஸுகள் ஹாஸ்டல் பஸ்ஸை ஓட்டிய செல்வசிங் அவளுடைய ஊர்க்காரன். கட்டினால் உன்னைத்தான் கட்டுவேன் என்று அவனே முடிவு செய்துகொண்டு, பஸ்ஸில் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு அவளையே பார்த்து ஓட்டுவான். ஒரு நாள் எல்லோரையும் இறக்கிவிட்டு அவளை இறங்க விடாமல் கதவைப் பூட்டினான். அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். அவனை வேலையிலிருந்து எடுத்து, ஊருக்கே திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அதன் பிறகுதான் அவள் பஹ்ரைனிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த மிளகு ஸ்ப்ரேயைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். கூட்டத்தில் அவள் குதித்தது அதற்குத்தான்.

ஸ்ப்ரே இருப்பதை சிவசங்கரனிடம் சொன்னது நான்தான். மாடிக்கு ஒரு பொறுப்பாளர் என்று நியமித்திருந்தார்கள். இரண்டாம் மாடிக்கு நான். மஞ்சள் கோட்டெல்லாம் கொடுத்திருந்தார்கள். விதியை மீறுவதைப் பார்த்தால் தெரிவிப்பது என் கடமை. அன்று மாலையே லாக்கரைத் திறந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் வஞ்சம் வைத்தேன் என்று நினைப்பீர்கள். ஜனவரியில் முதல் ஒத்திகை. மணி அடித்தது, பூட்டினோம். இரண்டு நிமிஷத்தில் கதவை யாரோ தட்டினார்கள். "அக்கா, திறங்க அக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்று ஷிஜியின் குரல். நான் பாவம் என்று திறந்துவிட்டேன். வெளியே ஷிஜியும் நோட்டுப் புத்தகத்தோடு சிவசங்கரனும் நின்றார்கள். பொறுப்பாளர்களைச் சோதிக்க, அவர்களுக்குத் தெரிந்த குரலாகப் பார்த்து அழ வைப்பது அவருடைய வழக்கமாம். மறுநாள் நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டார்கள்: இரண்டாம் மாடி, ஏழு பேர் மரணம். கேன்டீனில் ஷிஜி அதை நடித்துக் காட்டினாள். நான் கதவைத் திறந்து, "வா மக்கா" என்று கையை விரித்ததை அப்படியே செய்தாள். நன்றாகத்தான் செய்தாள். பிரைட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை, மதியத் தொழுகை நேரத்தில் ஒத்திகை. அந்த நேரத்தில் வாசலை மூடிவிடுவார்கள், புது நோயாளிகள் வர மாட்டார்கள். மணி அடித்தால் எங்கள் ஆட்கள் டிபன் பாக்ஸோடு ஃபைல் அறைக்குள் வந்து உட்கார்ந்து, இருட்டிலேயே சாப்பிடப் பழகிவிட்டார்கள்.

ஏப்ரலில் செல்வசிங் எனக்குப் போன் செய்தான். அவன் அவ்வப்போது செய்வான். அவனுக்குச் செய்தி வேண்டும், எனக்குப் பேச ஆள் வேண்டும். வியாழக்கிழமை ஃப்ளைட் என்றான்.

"அக்கா, போறதுக்கு முந்தி அவளை ஒரே ஒருக்கா பாத்துப் பேசணும். வேற ஒண்ணும் இல்லை. உங்களுக்குத் தெரியாத விஷயம் உண்டா?"

இப்படி மரியாதையாகக் கேட்டால் யார்தான் சொல்ல மாட்டார்கள்? புதன்கிழமை மதியம் முதல் மாடியிலிருந்து ஃபைல்களை எடுத்துக்கொண்டு பின்படி வழியாக அவள் தனியாக என்னிடம் வருவாள் என்று சொன்னேன். ஸ்ப்ரேயைப் பிடுங்கிவிட்டார்கள் என்பதும் பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது. முதல் புதன் மணி அடித்தாலும் எங்கள் மாடியில் யாரும் வெளியே எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லி, ஒத்திகைக் கூத்தையெல்லாம் சொன்னேன். அவன்கூடச் சிரித்தான்.

பேசத்தான் வருகிறான் என்று நான் நம்பினேன். அவன் குரல் அப்படித்தான் இருந்தது, பெரும்பாலும்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு சிவசங்கரன் போன் செய்தார். தம்மாமில் ஏதோ மீட்டிங்காம். "அக்கா, இன்னிக்கு டிரில் கிடையாது. கீழே ரெண்டு மாடிக்கும் சொல்லிட்டேன். உங்க மாடிக்கு நீங்க சொல்லிடுங்க." சரி என்றேன்.

மதியம் மணி அடித்தது. மூன்று தடவை, நீளமாக. கையில் வீல் ஸ்பேனரோடு செல்வசிங் தள்ளிக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்து வாட்ச்மேன் அழுத்தியிருக்கிறார். எங்கள் மாடியில் வழக்கம்போல டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரைட்டும் வந்தான். ஏழு பேர். நான் மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினேன். விளக்கை அணைத்தேன். யாரோ ஊறுகாய் கேட்டார்கள்.

கதவைத் தட்டினாள்.

"அக்கா, திறங்க. செல்வசிங் வந்திருக்கான். அக்கா, நெசமாட்டு வந்திருக்கான்."

பிரைட் எழுந்தான். "அக்கா, இது டெஸ்ட் மாதிரித் தெரியலியே."

"போன தடவையும் இப்படித்தானே அழுதா. கேன்டீன்ல நீயும் சிரிச்சியே. இருடே, எனக்கு மறுபடியும் கெட்ட பேரு வாங்கித் தராத."

நின்றான். கதவையும் என்னையும் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். யாரும் அவனைப் பிடித்து இழுக்கவில்லை, இதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் உள்ளங்கையால் தட்டினாள். பிறகு முஷ்டியால். பிறகு கதவில் விழுந்தது கை இல்லை. அவள் அப்போது என் பெயரைச் சொல்லவில்லை. பிரைட், பிரைட் என்றாள். அவன் பாய்ந்து வந்தபோது சாவி என் கோட்டுப் பையில் இருந்தது. இருட்டில் தேட நேரமாயிற்று. எந்தப் பை என்று எனக்கு நினைவு வரவில்லை. கோட்டில் ஒரே பைதான் உண்டு.

அவளைக் காப்பாற்றியது இராஜரத்தினம். மருந்து ஸ்டோர் பின்படிக்குப் பக்கத்தில் இருந்தது. அறுபது வயதுக்காரர் பூட்டிய கதவைத் திறந்துகொண்டு வந்து, தீயணைக்கும் சிலிண்டரை செல்வசிங் முகத்தில் பீய்ச்சி அடித்துவிட்டு, அதாலேயே அவன் தலையிலும் ஒன்று போட்டார். அதற்காகக் கம்பெனி அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. பூட்டிய இடத்திலிருந்து அனுமதியின்றி வெளியேறியது ஒன்று, பாதுகாப்புச் சாதனத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியது இரண்டு. எனக்கு, விதியைக் கடைசிவரை கடைப்பிடித்ததற்கு, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள்.

ஷிஜிக்கு வலது கை மூன்று இடத்தில் முறிந்தது. இரண்டு விரல் இனி மடங்காது என்றார்கள். நான் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விசாரணையில், ஒத்திகை இல்லை என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தங்கபுஷ்பம் அக்காவுக்குப் போன் செய்தேன் என்று சிவசங்கரன் சொன்னார். என்னிடம் யாரும் சொல்லவில்லை என்றேன். எழுத்தில் கொடுக்காமல் வாயால் சொன்னது அவர் தப்புதானே. அவர் வேலை போயிற்று. இரண்டு பிள்ளைகள், இன்டர்நேஷனல் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

நான் சொல்ல மறந்துவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. எட்டரையிலிருந்து மதியம்வரை ஒவ்வொருவராக என் மேசையைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் வேறு எதையாவது பேசினேன். பிரைட்டிடம், இன்றைக்கு டிரில், சாப்பாட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிடு என்றேன்.

அப்புறம் யார் யார் எங்கே போனார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையும் மாற்றிச் சொல்வார்கள். செல்வசிங் சிறையில் இருந்துவிட்டு ஊருக்குப் போய் ஆட்டோ ஓட்டுகிறான். இராஜரத்தினம் ஆறு மாதத்தில் மகளிடம் கனடாவுக்குப் போனார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், என் மேசைக்கு மட்டும் வரவில்லை. ஷிஜி ஊரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள்; இடது கையால் எழுதப் பழகி, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறாளாம். பிரைட் போய்ப் பார்த்திருக்கிறான். "நீ உக்காந்துட்டியே" என்று மட்டும் சொன்னாளாம்.

அதற்குப் பிறகு பிரைட் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. அஜிஷாவைக் கட்டிக்கொள் என்றதும் கட்டிக்கொண்டான். ஓமானில் சோஹாருக்கு வேலை மாறிப் போய்விட்டார்கள். மூன்று வருஷம் ஆகிறது. அவன் பேசுவதே இல்லை என்று அஜிஷா முதலில் அழுதாள். போன மாதம் போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா, உனக்குத் தெரிஞ்சுதான் பூட்டினியா?"

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். இப்போது என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை. நன்றி கெட்ட பெண் என்று நான் திட்ட மாட்டேன். அன்றைக்கு நான் கதவைத் திறந்திருந்தால் இவளுக்குக் கல்யாணமே நடந்திருக்காது. அதை யோசித்துப் பார்க்க அவளுக்கு இன்னும் வயது போதாது, அவ்வளவுதான்.